அமெரிக்க உறைபனியும் எங்கள் காட்டுக் கவாத்தும்

அமெரிக்கக் கவிதைமீது எனக்கு முதலில் வந்தது ஆசை இல்லை, எரிச்சல். கோத்தகிரியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டே, தபால் வழியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாப் பேப்பர்களிலும் பாஸ். அமெரிக்க இலக்கியம் மட்டும் ஒரு முறை காலை வாரிவிட்டது. அதில் தேறினால் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகள் எனக்குத்தான் என்று பள்ளியில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். தேறாவிட்டால் நாங்கள் மலையை விட்டு இறங்கித் திருப்பூருக்குப் போகவேண்டியதுதான். ஒரு குடும்பம் எந்த ஊரில் இருப்பது என்பது ஒரு கவிதைப் பேப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது என்று இன்று சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேயிலை விலை விழுந்த வருடங்கள் அவை. என் வீட்டுக்காரர் ஒரு சின்ன ஃபேக்டரியில் இலை எடை போடும் வேலையில் இருந்தார். தோட்டக்காரர்கள் சாக்கில் கட்டிக் கொண்டுவரும் பச்சை இலையைத் தராசில் மாட்டி, ஈரம் பார்த்து, முற்றல் பார்த்து உள்ளே அனுப்புகிற வேலை. வாரத்தில் ஆறு நாள் ஓடிய ஃபேக்டரி நான்கு நாளாகி, பிறகு இரண்டு நாளானது. எங்களுக்கென்று ஒன்றரை ஏக்கர் தேயிலைக் காடும் இருந்தது. என் மாமனார் காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து வாங்கிப்போட்டது. அதில் வருகிற இலை பறிக்கிற ஆளின் கூலிக்கே பத்தாது என்று ஆனபிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவருமே பறித்தோம்.

எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒரு வீடாவது காலியாகிக்கொண்டிருந்தது. கட்டிலும் பீரோவும் ஏற்றிய டெம்போ ஒன்று கீழே இறங்கும். மறுநாள் அந்த வாசலில் கோலம் இருக்காது. போனவர்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத்தான் போனார்கள். என் வீட்டுக்காரருடைய அண்ணனும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். ஃபோனில் அவர் கேட்கும் முதல் கேள்வியே, “ஸ்டோர்ல வேலை சொல்லி வெச்சிருக்கறன், எப்ப வர்றே?” என்பதுதான். “அவ பரீட்சை முடியட்டுங்கண்ணா” என்று சொல்லிச் சொல்லி இவர் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். பரீட்சை மே மாதம். அண்ணன் கொடுத்த கெடு ஜூன் முதல் வாரம்.

நான் படித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோவையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நோட்ஸ் ஒன்றுதான் எனக்கு வேதம். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. பனி என்றால் மரணம். கடல் என்றால் முடிவில்லாத காலம். பறவை என்றால் ஆன்மா. பாதை என்றால் வாழ்க்கை. மேற்குத் திசை வந்தால் அதுவும் மரணம். பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்களே, அதே தோரணை. அதை நெட்டுருப் போட்டு எழுதித்தான் முதல் முறை கோட்டை விட்டேன். எங்கேயோ தப்பு செய்கிறேன் என்று தெரிந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

ஜனவரியில் கோவையில் நேர்முக வகுப்பு நடந்தது. பாடத்தில் உள்ள கவிதைகளில் ஒன்றை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசவேண்டும். எனக்கு வாய்த்தது பதினாறு வரிக் கவிதை. நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஏதோ ஒரு குளிர் மாகாணத்தில் எழுதப்பட்டது. ஒரு விவசாயி விடியற்காலையில் எழுந்து வெளியே வருகிறான். அந்த வருடத்தின் முதல் உறைபனி விழுந்திருக்கிறது. வயலுக்குள் நடக்கிறான், பூட்ஸுக்கு அடியில் புல் நொறுங்குகிறது. சுற்றும் முற்றும் பார்த்து நிம்மதியாக ஒரு மூச்சு விடுகிறான். வேலிக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போகிறான். கவிதை அத்தோடு முடிந்துவிடும்.

சீட்டுக் குலுக்கியதில் அந்தக் கவிதை வந்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடலைப் பற்றி வந்திருந்தால் நோட்ஸைத்தான் நம்பவேண்டும். உறைபனியை எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. பத்து நாள் முன்புதான் எங்கள் காட்டில் பள்ளத்து ஓரமாக விழுந்திருந்தது. காலையில் பார்த்தால் உப்பைத் தூவிவிட்டது போல வெள்ளையாக, அழகாகத்தான் இருக்கும். டூரிஸ்ட்டுகள் காரை நிறுத்தி ஃபோட்டோ எடுப்பார்கள். வெயில் ஏறியபிறகு தெரியும் சேதி. கொழுந்து வெந்து, மத்தியானத்துக்குள் செடியெல்லாம் தீய்ந்துபோன நிறத்துக்கு வந்துவிடும்.

எங்களுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் அந்த உறைபனியில் பாதிக்கு மேல் இழந்தார். ஏற்கெனவே விலை இல்லை, அதன்மேல் இது. கருகிய செடிகளுக்கு நடுவே நின்று அவர் சிரித்தார். “ரொம்ப நல்லதாப் போச்சுங்க டீச்சர், இனிப் பறிக்கற வேலையும் இல்ல” என்றார். அந்த வாரமே படலைச் சாத்திக் கம்பியால் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு கீழே இறங்கினார்.

ஆகவே அந்த அமெரிக்க விவசாயியை எனக்கு நேரிலேயே தெரியும் என்று நினைத்துவிட்டேன். நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்று பேசினேன். அவன் விடுவது நிம்மதி மூச்சு இல்லை, எல்லாம் போனவனின் மூச்சு என்றேன். இனி இழக்க ஒன்றும் இல்லாதவனுக்கு வருகிற விடுதலை அது என்றேன். வேலிக் கதவைச் சாத்துகிற அந்தக் கை மறுபடியும் அதைத் திறக்கப்போவதில்லை என்று சொன்னபோது என் குரல் தழுதழுத்தது. பக்கத்துக் காட்டுப் படல் கண்முன்னால் நின்றது. பின்பெஞ்சில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பேராசிரியை ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “ரொம்ப அழகாப் பேசினீங்கம்மா. ஆனா அது இந்தக் கவிதை இல்லை. அது நீங்க எழுதின கவிதை” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். அந்த ஊரில் உறைபனி விழும்போது வயலில் கெட்டுப்போக ஒன்றும் இருக்காது. அவன் நிஜமாகவே சந்தோஷப்படுகிறான். இதில் மரணமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இது ஓய்வைப் பற்றிய கவிதை. முன்வரிசையில் இருந்த ஒருவர், “இத்தனை பேர்ல பனியைத் தொட்டுப் பாத்தது நீங்க ஒருத்தர்தான் மேடம். நீங்களே தப்பாச் சொல்லிட்டீங்களே!” என்றார். வகுப்பே சிரித்தது. கண்ணைத் துடைத்த அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவளை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி மலையேறும்போது ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் அந்தச் சிரிப்பு கேட்டது. வீட்டுக்கு வந்து பையை விட்டெறிந்தேன். ஃபேக்டரி ஓடாத நாளில் சமையல் அவருடையது. அன்று அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறாக்கி வைத்திருந்தார். தட்டைப் போட்டுக்கொண்டே, “என்னாச்சு புள்ள?” என்றார்.

“உங்க ஊடும் வேண்டாம், உங்க எம்.ஏ.வும் வேண்டாம். திருப்பூருக்கே போயிரலாங்க” என்றேன். எம்.ஏ. படிக்கச் சொன்னது அவர் இல்லை. கோபத்தில் இருக்கிறவளிடம் நியாயம் பேசக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். சோற்றில் நெய் ஊற்றிவிட்டு, “அந்தக் கவிதையச் சொல்லு, கேப்போம்” என்றார்.

வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவருடைய ஆங்கிலம் தேயிலை ரகங்களின் பெயர்களோடு முடிந்துவிடும். கடைசிவரை கேட்டுவிட்டு, இலைச் சாக்கைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டார்: “சரக்கு உள்ள வந்துருச்சா அவனுக்கு?”

“கவிதையில எங்கீங்க சரக்கு?”

“பாரேன். பயிரு நிக்குதா, அறுத்தாச்சா? அது தெரியாம என்னத்தப் பேசுனே?”

அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் புத்தகத்தைப் பிரித்தேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது. மக்காச்சோளம் பரணுக்கு ஏறிவிட்டது. மூன்றாவது வரியில் பூசணிக்காய்களைச் சுவரோரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு வரிகளையும் நூறு தடவையாவது படித்திருப்பேன். நோட்ஸில் இவற்றுக்கு ‘செழுமை’ என்று ஒரு சொல் போட்டிருந்தது. பென்சிலால் பக்கத்தில் அதை எழுதிவிட்டு நேரே பனிக்குத் தாவியிருக்கிறேன். உறைபனி என்ற சொல்லைப் பார்த்ததும் அவனுடைய வயலை அழித்துவிட்டு அங்கே எங்கள் தேயிலையை நட்டுவிட்டேன்.

“அப்பறம் என்ன?” என்றார் அவர். “சரக்கு பூரா மேல ஏத்திட்டான். இனிப் பனி விழுந்தா என்ன, இடி விழுந்தா என்ன? கதவச் சாத்திட்டு உள்ள போய்க் கால நீட்டிப் படுப்பான். வருசம் பூராப் பாடுபட்டதே அந்த ஒரு நாளுக்குத்தானே.” சோற்றைப் பிசைந்தார். “தேயிலைக்காரனுக்கு அந்த மாதிரி ஒரு நாளே கெடையாது புள்ள” என்றார்.

அதுதான் விஷயம். நான் பிறந்தது குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸ் குவாட்டர்ஸில். வாழ்க்கைப்பட்டது தேயிலைக் காட்டுக்கு. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பறிப்பார்கள், பறித்த இடத்தில் மறுபடி கொழுந்து வரும், மறுபடி பறிப்பார்கள். அறுவடை முடிந்தது, களம் காலியானது, இனி வேலை இல்லை என்று ஒருவர் சொல்லி என் காதால் கேட்டதே இல்லை. எனக்கு உறைபனி தெரியும், ஓய்ந்த வயல் தெரியாது. அதைப் புத்தகத்தில் கண்டபோதும் அடையாளம் தெரியாமல் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்த வெட்கம் அது. போன வருடத்துத் தோல்வியைவிட எவ்வளவோ மேல்.

அன்றைக்கு அவரை மெச்சினேன் என்று எழுதினால் பொய். எட்டாம் வகுப்போடு நின்ற மனுஷன் ஒரே கேள்வியில் என்னை மடக்கிவிட்டாரே என்று உள்ளுக்குள் புகைந்தது. இரண்டு நாள் புகைந்தபிறகு, அடுத்த கவிதையை எடுத்துக்கொண்டு நானே அவரிடம் போனேன்.

அப்படி ஆரம்பித்ததுதான். பள்ளி விட்டு நான் நாலரைக்கு வருவேன். அவர் டீ போட்டு வைத்திருப்பார். நான் கவிதையைத் தமிழில் சொல்வேன். அவர் கேட்பதெல்லாம் ஆரம்பப் பள்ளிக் கேள்விகள். யார் நிக்கறா? எங்க நிக்கறா? கையில என்ன வெச்சிருக்கறா? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? இதற்குப் பதில் சொல்லவே நான் நாலு தடவை திரும்பப் படிக்கவேண்டியிருந்தது. பறவை என்றால் ஆன்மா என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும். அது எந்த மரத்துல உக்காந்திருக்குது?” என்றார். பார்த்தால் மரத்தில் இல்லை, ஒரு கலப்பைமேல் உட்கார்ந்திருந்தது. ஆன்மாவாகவே இருந்தாலும் மரத்தில் உட்காருவதும் கலப்பைமேல் உட்காருவதும் ஒன்றில்லையே. கலப்பையை யார் அங்கே விட்டுப் போனார்கள் என்று பார்த்தால், அந்தக் கவிதையின் துக்கம் முழுக்க அங்கேதான் கிடந்தது.

எல்லா நாளும் தேனாக ஓடியது என்றும் இல்லை. ஒரு கவிதையில் மேற்கே போகிற பாதையோரம் ஒரு வீடு. அங்கே ஒரு பெண். புது நிலம் தேடிக் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகிறார்கள். அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்து, போகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வண்டி ஏறுகிறார்கள். அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அவள் வாளியை மறுபடி கிணற்றில் இறக்குகிறாள். நோட்ஸுக்கு இது தண்ணி பட்ட பாடு: மேற்கு மரணம், வண்டி உடல், பெண் இயற்கை அன்னை.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “அவ ஏன் போகல?” என்றார்.

“கவிதையில அது சொல்லலீங்க.”

“கெணறு இருக்குதல்ல. அதான் போகல.”

எனக்குச் சுருக்கென்றது. அன்று காலையில்தான் எங்கள் எதிர்வீட்டு டெம்போ போயிருந்தது. அவர்களுக்குப் பிளாஸ்கில் டீ போட்டுக் கொடுத்தது நான். “அப்ப நாம மட்டும் எதுக்குங்க போறோம்?” என்று கேட்டுவிட்டேன். “நம்மகிட்ட ஊத்து வத்திருச்சே” என்றார். “யாரு சொன்னா? நான் எதுக்குப் படிச்சுட்டிருக்கறனாமா?” என்று கத்தினேன். “நீ பாஸ் ஆகறதுக்குள்ள அண்ணன் சொன்ன வேலையும் போயிருச்சுன்னா?” என்று அவரும் குரலை உயர்த்தினார். டீ ஆறிப்போனது. அவருக்கும் போக மனசில்லை என்பது எனக்குத் தெரியும். வாரத்தில் ஐந்து நாள் வேலை இல்லாமல், சம்பாதிக்கிறவளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, போகமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அது எனக்கு அன்று புரிந்திருந்தால் அப்படிக் கத்தியிருக்கமாட்டேன்.

மே மாதம் கோவையில் பரீட்சை. மலையில் இருந்து போனவளுக்கு அந்த வெயிலே பாதி உயிரை எடுத்துவிட்டது. பெரிய கேள்வியில், பாடத்தில் உள்ள இரண்டு கவிதைகளைக் கொண்டு இயற்கைப் படிமங்களை விளக்கச் சொல்லியிருந்தார்கள். பட்டியல் இன்னும் எனக்கு மனப்பாடம்தான். பத்து நிமிடம் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு உறைபனிக் கவிதையை எடுத்தேன். தேயிலை மலையில் இருக்கிற ஒருத்தி இந்தக் கவிதையை முதலில் எப்படித் தப்பாகப் படிப்பாள், ஏன் தப்பாகப் படிப்பாள் என்றே தொடங்கினேன். பரணில் ஏறிய மக்காச்சோளத்தைப் பார்க்காமல் உறைபனியைப் பார்த்தால் அது வெறும் சேதம்தான் என்று எழுதினேன். ஒரு படிமத்துக்கு அர்த்தம் அதற்குள்ளேயே இருப்பதில்லை, அதற்கு முன்வரியில் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது என்று எழுதினேன். ஆறு பக்கம் போனது. மற்ற கேள்விகளுக்கு நேரம் பற்றாமல் ஓட்டமாக ஓடினேன்.

வெளியே வந்தபோது மற்றவர்கள் மரத்தடியில் நின்று பாயிண்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதியதில் பாயிண்ட் என்று எண்ணிச் சொல்ல ஒன்றும் இல்லை. என்ன காரியம் செய்து வைத்திருக்கிறோம், ஒழுங்காகப் பட்டியலை எழுதியிருக்கலாமே என்று பஸ் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். அவரிடம், “மனசுல பட்டத எழுதிட்டனுங்க. பாஸ் பண்ணுவனான்னு தெரியல” என்றேன். “செரி விடு” என்றார்.

மே கடைசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. அண்ணன் ஃபோன் செய்து, திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். முதலில் இவர் மட்டும் போவது, ரிசல்ட் பார்த்துவிட்டு நான் வீட்டைக் காலி செய்துகொண்டு போவது என்று பேச்சு. சனிக்கிழமை கடைவீதிக்குப் போய் அவருக்கு இரண்டு லுங்கியும் ஒரு பெட்டிப் பூட்டும் வாங்கினேன். திரும்பி வரும்போது எங்கள் காட்டுப் பக்கமிருந்து கத்தி விழும் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று சீரான சத்தம். தேயிலை ஊரில் யாருக்கும் அந்தச் சத்தத்தைச் சொல்லித்தரவேண்டாம். அது கவாத்து.

தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடவேண்டும். இலை ஒன்று விடாமல் போய்க் குச்சி குச்சியாகத்தான் நிற்கும். தெரியாதவர்கள் பார்த்தால் செடி செத்துவிட்டது என்பார்கள். மூன்று நான்கு மாதம் ஒரு கொழுந்து பறிக்கமுடியாது. அதற்குப் பிறகுதான் புதுத் துளிர் வந்து செடி இளமையாகும். விலை விழுந்த பிறகு எங்கள் பக்கம் யாரும் கவாத்து வெட்டவில்லை. வருகிற நாலு காசு இலையையும் யார் வெட்டி எறிவார்கள்? அதைவிட, ஊரைவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிற யாரும் கவாத்தில் கை வைப்பதில்லை. துளிர்க்கும்போது பக்கத்தில் இருக்கப்போகிறவர்தான் வெட்டுவார். கவாத்து வெட்டிய காட்டைப் பார்த்தால், இவர்கள் இங்கேதான் இருக்கப்போகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஓடிப்போய்ப் பார்த்தால் மேல்வரிசை மூன்றும் மொட்டையாகிக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலாவது வரிசையில் இருந்தார்.

“ஏனுங்க, உங்களுக்குப் பைத்தியமா?” என்று கத்தினேன். “திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும், இங்க கத்தியத் தூக்கிட்டு நிக்கறீங்க. நாலு மாசத்துக்கு எலைக்கு எங்க போறது? நான் பெயிலாயிட்டா என்ன பண்ணுவீங்க?”

நிமிராமல் ஒரு செடியை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “பெயிலானா மறுபடி எழுது.”

“அப்ப நான் பாஸ் பண்ணுவேன்னு நெனச்சு வெட்டலியா?”

“இல்ல புள்ள. பாஸ் பண்ணுனா இருக்கறது, பெயிலானா போறதுன்னு அத்தனையும் உன்ற தலையில கட்டி வெச்சிருந்தோம். அது தப்பு.” கத்தியை வேட்டி முனையால் துடைத்தார். “அப்பறம், அந்த அமெரிக்காக்காரன் கதவச் சாத்திட்டுப் போறானல்ல, அது மனசுலயே நின்னுட்டிருந்துச்சு. வெல விழுந்ததுல இருந்து நம்ம காடு ஓயவே இல்ல. அதுக்கும் ஒரு நாலு மாசம் குடுப்போம்னு தோணுச்சு. நானும் கேரட் காட்டுக்கு மூட்டை தூக்கப் போறன். இருந்துக்கலாம்.”

எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. புது லுங்கிகளை வரப்பில் வைத்துவிட்டு, அவர் வெட்டிப் போட்டிருந்த கிளைகளைப் பொறுக்கி மொட்டைச் செடிகளின்மேல் பரப்ப ஆரம்பித்தேன். வெட்டிய தண்டில் வெயில் பட்டால் வெடித்துவிடும். வெட்டிய கிளையையே அதன்மேல் போர்த்திவிடுவது வழக்கம். இரண்டு பேரும் வேலை செய்தோம். எனக்கு அழுகையும் வந்தது, பாட்டும் வந்தது. பாட்டைத்தான் பாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டார். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். விளக்கம், மன்னிப்பு என்று எதையோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “கவாத்து வெட்டிட்டனுங்கண்ணா” என்றார். அவ்வளவுதான். அண்ணனும் தேயிலைக் காட்டில் வளர்ந்தவர். “எல்லா வரிசையுமா வெட்டறே?” என்று கேட்டாராம். ஆமாம் என்றதும், “செரி, மேல தழையப் போர்த்தி உடு, வெயிலு படாம” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

அந்த நாலு மாதத்தை இனிப்புத் தடவிச் சொல்லமாட்டேன். அவர் கேரட் மூட்டை தூக்கித் தோள்பட்டை காய்த்துப்போனது. நான் காலையில் ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன் என்று எடுத்தேன். குழம்புக்குப் புளிகூட யோசித்துக் கரைத்த நாட்கள் உண்டு. ஆனால் வீட்டில் இருந்த ஏதோ ஒரு இறுக்கம் போயிருந்தது. இரண்டு பேரும் தேவையில்லாமல் சிரித்தோம். அவர் மூட்டை தூக்குகிற இடத்தில் பாதையோரக் கிணற்றுக்காரி கதையைக் கூட்டாளிகளுக்குச் சொல்லிவிட்டு வந்தார். அவர்களில் ஒருவர், அவளுக்குப் புருஷன் உண்டா இல்லையா என்று என்னிடம் கேட்டுவரச் சொன்னாராம். அந்தக் கேள்வி பேராசிரியைக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

செப்டம்பரில் ரிசல்ட் தபாலில் வந்தது. நான்கு மார்க்கில் பெயில்.

அழுதேன். ஆறு பக்கம் எழுதிய அந்தக் கேள்விக்கு எவ்வளவு போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓட்டமாக ஓடிய மற்ற கேள்விகள்தான் என்னைக் கவிழ்த்திருக்கவேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். அவர் அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடுத்தது எப்ப?” என்றார். டிசம்பர் என்றேன். “இந்தத் தடவ கடியாரத்தப் பாத்து எழுது” என்றார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் திருப்பூர் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்கு அது ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. உறைத்ததும் பயம் முழுக்க வடிந்துவிட்டது. டிசம்பரில் எழுதினேன், பாஸ் ஆனேன், பிளஸ் ஒன் வகுப்பும் கிடைத்தது. அதெல்லாம் பின்னால் நடந்தது.

ரிசல்ட் வந்த மறுநாள் பரீட்சை விண்ணப்பம் வாங்க லீவு போட்டுவிட்டுக் கோவைக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை அவரும் வந்தார். கீழே போகிற முதல் பஸ்ஸில் பாதிப்பேர் மூட்டை முடிச்சோடு ஏறியிருந்தார்கள். பாய்ச் சுருட்டு, குடம், கயிறு கட்டிய டிரங்குப் பெட்டி. வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடுங்க, ஃபோன் பண்ணுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்தில் முண்டி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். பஸ் நகரும்போது கூடவே நாலு எட்டு நடந்துவந்து, “சாயங்காலம் எந்த பஸ்ஸுக்கு வர்றே?” என்று கேட்டார்.